உள்ளுறை வெப்பம்

பிரேமர்ஹாஃபன், மீன்துறைமுகம், ஏழாம் கிடங்கு.
பூஜ்யத்தில் நிற்க வேண்டிய அறை
ஒரு வாரமாக நிற்கவில்லை.
வாயுவை மாற்றியவள் நான்,
ஆகவே குற்றவாளியும் நான்.

"அதே கம்ப்ரசர், அதே குழாய், அதே அறை.
பிறகு ஏன்?" என்கிறார் வீப்கா லூர்ஸ்,
ஒரு ஹெர்ரிங்கை வாலில் தூக்கிப் பிடித்து,
சாட்சியை முன்னிறுத்துவதுபோல.

அம்மணி, உமி அளந்தாலும் நெல் அளந்தாலும்
படி ஒரே படிதான்.
கம்ப்ரசர் ஒரு படி.
ஒரு சுற்றுக்கு விழுங்குவது இத்தனை கன சென்டிமீட்டர்,
அதற்குமேல் ஒரு மிடறும் இல்லை.
விழுங்கியது எவ்வளவு கனம்,
கொதித்து ஆவியாகும்போது ஒவ்வொரு கிலோவும்
எவ்வளவு சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும்,
அங்கேதான் கணக்கு.

(என் ஜெர்மனில் சொன்னபோது
உமி மரத்தூள் ஆயிற்று,
படி பீர்க் குவளை ஆயிற்று.)

எண்ணைச் சொல் என்றார். சொன்னேன்.
ஆவியாவது மைனஸ் பத்தில், திரவமாவது நாற்பதில்.
பழைய நானூற்று நான்கு: ஆறு புள்ளி எட்டு கிலோவாட்.
புதிய நானூற்று நாற்பத்தொன்பது: ஆறு புள்ளி மூன்று.
நூற்று முப்பத்து நான்கை ஊற்றியிருந்தால்
நான்கைத் தாண்டவே திணறியிருக்கும்.
புரொப்பேன் பரவாயில்லை, ஆறுக்குக் கொஞ்சம் கீழே;
ஆனால் அத்தனை புரொப்பேனை
மீன் வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் வைத்தால்
உங்கள் காப்பீட்டுக்காரர் தூங்குவாரா?
கரியமில வாயுவோ நூறு பார் தாங்கும் இரும்பு கேட்கும்.
அது வேறு எந்திரம், வேறு கடன்.

"விற்றவன் தாளில் ஆறு புள்ளி ஏழு என்றிருக்கிறதே?"
அவன் நடுப்புள்ளியில் அளந்தான், நான் பனிப்புள்ளியில்.
கலவை வாயு ஒரே சூட்டில் கொதிப்பதில்லை,
நாலைந்து டிகிரி வழுக்கிக்கொண்டே போகும்.
வழுக்குகிற ஒன்றை
எங்கே நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து
யாரும் பொய் சொல்லாமலே
இரண்டு உண்மை கிடைக்கும்.

"சரி. அரை கிலோவாட்டுக்கு மீன் கெடுமா?"

கெடாது.
அதுதான் என்னையும் உறுத்தியது.
பதிவுக் கருவியை அறைக்குள் தொங்கவிட்டேன்.

மூன்று இரவும் மூன்றே காலுக்குக்
கோடு எழுந்து நின்றது.
பத்து நிமிடம். ஒருநாள் இருமுறை.
பழைய வாயு இதையும் சேர்த்து விழுங்கிவிட்டு
ஏப்பம்கூட விடாமல் இருந்திருக்கிறது.
மிதமிஞ்சிய திறன் யாரையும் காட்டிக்கொடுக்காது.
புதியதற்கு வயிறு சற்றுச் சிறிது,
சொல்லிவிட்டது.

நான்காம் இரவு நானே போனேன்.
கதவு பாதி திறந்திருந்தது.
பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே வீப்கா லூர்ஸ்,
கோட்டைக் கழற்றி, கழுத்துப் பொத்தானை அவிழ்த்து,
விசிறிக் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்
கண்ணை மூடி நின்றார்.

ஏலம் ஐந்து மணிக்கு என்றார்.
இந்த வயதில் உடம்பு தானாகவே
உள்ளே அடுப்பை மூட்டிவிடுகிறது என்றார்.
கணவருக்குத் தெரியாது.
மருத்துவருக்குப் பாதி தெரியும்.

எனக்கு நாற்பத்தொன்பது.
போன மாதத்திலிருந்து நானும் இரவில்
தலையணையைத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள்:
உள்ளுறை வெப்பம்.
வெப்பமானியில் தெரியாது.
நிலை மாறும்போதுதான் அதற்கு வேலை.
ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதினேன்.
விளங்கியதாக நினைத்திருந்தேன்.

"என்னால் எத்தனை வாட்?"
நீங்கள் இருநூற்றைம்பது, முந்நூறு. கதவுதான் ஆயிரக்கணக்கில்.
உள்ளே நில்லுங்கள், சாத்திக்கொள்வோம் என்றேன்.
உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை
இருமுறை சோதித்துவிட்டுச் சாத்தினேன்.

அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்.
குளிர்பதனி மீது குற்றமில்லை.
கதவு ரப்பரை மாற்றவும்.
உள்சுமை, மூன்றே கால் மணி: ஒரு நபர்.

ஒன்றை அடித்துவிட்டு
இரண்டு என்று.